பையில் அடுக்குவதும் ஒரு கைவேலை

மலேசியாவின் பினாங்குப் பேரங்காடி எதிலாவது காசாளர் முகப்புக்கு அப்பால் சற்று நேரம் நின்று, வருகிறவர்களின் பைகளை எட்டிப் பாருங்கள். பை நல்ல பைதான், வீட்டிலிருந்து மறக்காமல் கொண்டு வந்ததுதான். உள்ளேதான் கலவரம். ரொட்டியின் மேல் சார்டின் டின், கங்கோங் கீரையின் மேல் சலவைத்தூள், முட்டைப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தலைகீழாக நிற்கப் பார்க்கிறது. பை கொண்டு போகும் பழக்கம் எங்கள் ஊருக்கு வந்து வெகு காலமாகிவிட்டது. அதில் பொருளை எப்படி வைப்பது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மளிகைக் கடையில் வேலை பார்த்த என் பெரியப்பா. இன்னொருவர், ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியில் மேற்பார்வையாளராக இருந்த சீன அம்மா ஒருவர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரியப்பா இருந்த கடை லெபோ பாசார் தெருவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. வாசலில் அரிசி, பருப்பு மூட்டைகள் வாய் சுருட்டிவிடப்பட்டு வரிசையாக நிற்கும். தலைக்கு மேலே ஒரு தகர டின்னுக்குள் நூல்கண்டு. அடியில் உள்ள துளை வழியாக நூலின் நுனி மட்டும் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும். பழைய செய்தித்தாள்களைப் பாதியாகவும் காலாகவும் கிழித்து அடுக்கி வைத்திருப்பார்கள். யாராவது "அரைக் காத்தி துவரம் பருப்பு" (காத்தி அந்நாளைய எடை அளவு) என்றால், அந்த வாய் மூடுவதற்குள் பெரியப்பாவின் இடக்கையில் தாள் வந்துவிடும். ஒரு மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு வலக்கையால் ஒரு சுழற்று. கூம்பு தயார். அடி நுனியைத் திருகி மேல்நோக்கி மடித்துவிடுவார். ஒரு பருப்புகூட அந்த வழியே இறங்காது.

பருப்பைக் கொட்டிய பிறகு பொட்டலத்தை மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் பருப்பு கீழே இறங்கி மேலே கொஞ்சம் இடம் விடும். அந்த இடத்துக்குள்தான் வாய்த்தாளை மூன்று மடிப்பாக மடித்துச் செருகுவார். நீளத்துக்கு ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, முடிச்சு. அறுப்பதற்குக் கத்திரிக்கோல் கிடையாது. நூலை அந்த நூலின் மேலேயே வளையமாகப் போட்டு வெடுக்கென்று ஓர் இழுப்பு, நூலே நூலை அறுத்துவிடும். இதைப் பலமுறை செய்து பார்த்து விரலைத்தான் அறுத்துக்கொண்டேன்.

சீனிக்குச் செய்தித்தாள் போடமாட்டார். எங்கள் ஊர் ஈரக் காற்றில் சீனி கசியும் என்பதால் தடித்த பழுப்புத் தாள். புளிக்கு முதலில் இலை, பிறகு தாள். எண்ணெய் வேண்டுமென்றால் போத்தல் நாம்தான் கொண்டு போக வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகத் தாளில் சுருட்டுவார். மாதச் சாமானாக நிறைய வாங்குகிறவர்களுக்குப் பால் டின் வந்த அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சைக்கிளில் பையனிடம் கொடுத்து அனுப்புவார்கள். கணக்கு, கடன் எழுதும் 555 என்ற சிறு புத்தகத்தில் ஏறிவிடும். அந்தப் பெட்டியைப் பிரித்தால் மேலே மிளகாய் வற்றல், அதற்குக் கீழே பருப்புப் பொட்டலங்கள், அடியில் சீனி, உப்பு, டின்கள் என்று இருக்கும். சவர்க்காரம் பெட்டிக்கு உள்ளேயே வராது. தனியாகக் கட்டிக் கயிற்றில் செருகியிருப்பார்கள்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்ததல்ல. தாளும் நூலும் கடைக்காரர் காசு. இரண்டு தாளில் கட்ட வேண்டியதை ஒரு தாளில் கட்டினால் அவருக்கு லாபம். வழியில் பிரிந்துபோனால் திரும்பிவந்து சண்டை போடுவார்கள், அது நஷ்டம். அதனால் கை தானாகவே பழகியது. அந்தக் காலத்தை நான் கொண்டாட வரவில்லை. அச்சு மை பருப்பில் ஒட்டும். மழையில் நனைந்த பொட்டலம் பாதி வழியில் வாயைப் பிளக்கும். இன்று யாராவது உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டிக் கொடுத்தால் நான் வாங்கமாட்டேன்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் பேரங்காடி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் அப்படித்தான் சேர்ந்தோம். அந்நாளில் காசாளர் ஒருவர், பக்கத்தில் பையில் போட ஒருவர் என்று ஒரு முகப்புக்கு இரண்டு பேர் இருப்பார்கள். நான் இரண்டாமவள். எங்கள் மேற்பார்வையாளர் அம்மா அதிகம் பேசமாட்டார். "பெராட் பாவா, ரிங்கான் அத்தாஸ்" என்று மலாயில் ஒரு வரி மட்டும் நாள் முழுக்கச் சொல்வார். கனமானது கீழே, லேசானது மேலே. ஆனால் அவருடைய உண்மையான பாடம் வாயில் இல்லை. நாங்கள் நிரப்பி முடித்த பையைக் கைப்பிடியில் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் கேட்டால், பையை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்க வேண்டும், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தால், "முட்டை உடைந்தால் நாளைக்கு இன்னும் அதிகம் சுளிப்பார்கள்" என்பார்.

பிளாஸ்டிக் பை அந்த ஒழுங்கைக் கெடுத்த கதையை நான் கிட்ட இருந்தே பார்த்தேன். பனியன் வடிவில் இரண்டு காதுகளோடு வரும் மெல்லிய பையை ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் ஸ்டென் குஸ்தாஃப் துலின் உருவாக்கினார். 1965-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். சில கிராம் எடையுள்ள பை, பல கிலோவைத் தாங்குகிறது. அதுவும் இலவசம் என்றான பிறகு யார் யோசிப்பார்கள்? அடியில் எதை வைப்பது என்று தலையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் இன்னொரு பையை எடுத்துவிடலாம். ரொட்டிக்கு ஒரு பை, முட்டைக்கு ஒரு பை, கனமென்றால் பைக்குள் பை. பை தீராத இடத்தில் அடுக்கும் அறிவுக்கு வேலை இல்லை. என் பார்வையில், பை இலவசமாக இருந்த அந்த ஆண்டுகளில்தான் கடைக்காரரும் வாங்குகிறவரும் சேர்ந்தே அதைத் தொலைத்தோம்.

பிறகு காற்று திரும்பியது. 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லி வெகுகாலமாகக் குரல் கொடுத்துவந்தது. 2009 ஜூலையில் பினாங்கு மாநில அரசு திங்கட்கிழமைகளில் இலவசப் பை கிடையாது என்றது. 2010-இல் அது திங்கள் முதல் புதன் வரை என்றானது. 2011 ஜனவரி 1 முதல் எல்லா நாளும். வேண்டுமென்றால் பைக்கு அப்போது 20 சென் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்). அந்தப் பணம் வறுமை ஒழிப்பு நிதிக்குப் போகும் என்றார்கள். சிலாங்கூர் மாநிலத்தில் தினமும் 20 சென் என்பது 2017-இல்தான் வந்தது. அப்போது அங்கிருக்கும் என் நாத்தனார் தொலைபேசியில் புலம்பியதைக் கேட்டபோது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

20 சென் பெரிய காசில்லை. ஆனாலும் அது வேலை செய்தது. "பிளாஸ்டிக் நாக், காக்?" (பிளாஸ்டிக் வேண்டுமா, அக்கா?) என்று காசாளர் பெண் கேட்ட அந்த நொடியில், வாய் தானாக "தா பாயா" (வேண்டாம்) என்று சொல்லிவிடும். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் சிக்கல். பையில் போட்டுத் தர ஆள் இல்லை. அந்த இரண்டாவது ஆளை எப்போதோ வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காசாளர் பொருளைத் தள்ளத் தள்ள, பின்னால் வரிசை நிற்க, நாம் பதற்றத்தில் கைக்கு வந்ததை வந்தபடி திணிக்கிறோம்.

ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: அடுக்கும் வேலையைப் பையில் தொடங்காதீர்கள், காசாளரின் ஓடும் பட்டையில் தொடங்குங்கள். தள்ளுவண்டியிலிருந்து எடுத்து வைக்கும் வரிசையில்தான் பொருள் உங்களிடம் திரும்பி வரும். பையின் அடியில் போக வேண்டியதை முதலில் வையுங்கள். டின், சீனி, மாவு, உப்பு, மைலோ எல்லாம் முன்னால். அடுத்து குளிர்பதனப் பொருள்கள் மொத்தமாக. பிறகு காய்கறி. கடைசியில் ரொட்டி, பிஸ்கட், முட்டை, கீரை. சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், கொசுவர்த்தி ஆகியவற்றைத் தனிக் கூட்டமாக வால் பக்கம் விடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் ஒரு கை அகலம் இடைவெளி இருந்தால் போதும், காசாளருக்கும் புரிந்துவிடும். பொருளின் பட்டைக்கோடு (பார்கோடு) அவர் பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. பைகளை முன்னதாகவே வாய் திறந்து தள்ளுவண்டிக்குள் நிறுத்திவிடுங்கள். பணத்தைத் தேடுவது, உறுப்பினர் அட்டையைத் தேடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

பைக்குள் அடுக்குவது செங்கல் அடுக்குவது போலத்தான். ஒரு கிலோ சீனியையும் ஒரு கிலோ மாவையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் தரை தயார். அவற்றின் மேல் 425 கிராம் சார்டின் டின்களை நிற்க வைக்கலாம். பையின் ஓரங்களில் மைலோ, பால் பெட்டி, பிஸ்கட் பெட்டி என்று விறைப்பாக நிற்கக்கூடியவை சுவராகின்றன. நடுவில் விழும் பள்ளத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு, சிறு பொட்டலங்கள். அவை இறங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மேலே லேசானவை. முடித்ததும் அந்த அம்மாவின் குலுக்கல் சோதனை. உருளும் சத்தம் கேட்டால் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது, அதில் ஒரு எலுமிச்சம்பழத்தையாவது போடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. கனமெல்லாம் கீழே என்பதற்காக எல்லா டின்னையும் ஒரே பையில் போட்டுவிடாதீர்கள். இது நன்றாக அடுக்கத் தெரிந்தவர்களும் செய்கிற காரியம். கனத்தைப் பைகளுக்கிடையே பங்கிட வேண்டும். ஒரு பைக்கு 5 கிலோ என்பது என் அளவு. இரண்டு கையிலும் ஒரே பாரம் இருந்தால் தோளுக்குத் தெரியாது. அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகி நிற்கிற நாளில் இதன் அருமை புரியும்.

எங்கள் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு, பாக்கெட் எண்ணெய். 2 வெள்ளி 50 சென்னுக்கு விற்கும் ஒரு கிலோ மானிய எண்ணெய் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வருகிறது. விலைக்காக வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் டின்னின் விளிம்பு அதில் அழுந்தினால் முடிந்தது கதை, பை, பையிலிருக்கிற அரிசி, காரின் விரிப்பு எல்லாம் எண்ணெய். மூடியில்லாத பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை என் பையின் மூலையில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். எண்ணெய் அதற்குள்தான் பயணம் செய்யும்.

மணத்தையும் கவனியுங்கள். அரிசி, தேயிலை, கோப்பித்தூள், ரொட்டி ஆகியவை பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். பாச்சை உருண்டையோடு வந்த தேயிலையில் போட்ட தேநீரைக் குடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குளிர்ந்த பொருள்களை ஒன்றாக வைத்தால் ஒன்றையொன்று குளிர வைத்துக்கொள்ளும். பிரித்துப் போட்டால் எல்லாமே சூடாகும். கெட்டுப்போகக்கூடிய உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண்துறை சொல்லும் கணக்கு. பினாங்கின் நண்பகலில், வெயிலில் நிறுத்தியிருந்த காருக்குள், அந்த ஒரு மணி நேரக் கணக்கே தாராளம். தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் போகிறவர்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அதுவும் போதாது. உள்ளே வெள்ளிநிற உறையிட்ட குளிர்காப்புப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பைகளையும்விட அதற்குக் கொடுக்கிற காசுதான் உருப்படியான காசு.

கோழிக்கும் மீனுக்கும் தனிப் பை, அதுவும் கழுவக்கூடிய பை. அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைக்கு வந்தவர்கள் மறுபடி மறுபடி பயன்படுத்தும் பைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அநேகமாக எல்லாப் பையிலும் பாக்டீரியா இருந்தது. இறைச்சிச் சாறு பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தபோது அது பத்து மடங்காகப் பெருகியது. கையாலோ இயந்திரத்திலோ துவைத்ததும் 99.9 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. மருந்து ஒன்றும் தேவையில்லை, துவைத்தால் போதும். அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பையும் துணிதான், சட்டையைத் துவைக்கிறோமே!

சந்தைக்கு நான் மூடியுள்ள டப்பாவோடு போகிறேன். ஆயர் ஈத்தாம் சந்தையிலும் சௌராஸ்தா சந்தையிலும் மீன்காரர்கள் முதலில் வெறும் டப்பாவைத் தராசில் வைத்துக் கழித்துவிட்டு, பிறகு மீனைப் போடுவார்கள். நாம் முதலிலேயே டப்பாவை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர் பையை உருவிய பிறகு நீட்டினால் பயனில்லை. அவருடைய கை நம் வாயைவிட வேகம்.

சுயமாகக் கணக்கிடும் முகப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சொந்தப் பையை வைத்ததும் இயந்திரம் கூச்சலிடுவது நம் மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல. பையை வைக்கும் மேடைக்கு அடியில் தராசு இருக்கிறது. நீங்கள் காட்டிய பொருளின் எடை எவ்வளவு என்று அதற்கு முன்கூட்டியே தெரியும், மேடையில் கூடிய எடை அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. பை கணக்கில் வராத எடை. தொடங்குவதற்கு முன்பே சொந்தப் பை என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் பையை வைத்தால் சத்தமில்லை. ஆனால் அங்கே அடுக்குவது கடினம். எடுத்து மாற்றி வைத்தால் மறுபடி கூச்சல். நிறையச் சாமான் இருந்தால் மனிதர் இருக்கும் முகப்புக்கே போய்விடுங்கள்.

எந்தப் பை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு, வீட்டில் இருப்பதைத் தேயத் தேயப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் பதில். திருமணத்துக்கு ஒரு பை, கருத்தரங்குக்கு ஒரு பை, கடைத் திறப்புவிழாவுக்கு ஒரு பை என்று நம் வீடுகளில் பருத்திப் பைகள் குவிந்து கிடக்கின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே தடவை பயன்படுத்துவதற்கு ஈடான, புவியைச் சூடாக்கும் வாயு அளவுக்கு இறங்க, நெய்யாத பாலிப்புரொப்பிலீன் பையை (துணி போலிருக்கும் பிளாஸ்டிக் பை) 11 தடவையும் பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும். ஆறு பருத்திப் பையை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர், பிளாஸ்டிக் பை வாங்குகிறவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் அர்த்தமில்லை. பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் அந்த நெய்யாத பைகளை வெயில்படும் இடத்தில் மட்டும் விடாதீர்கள். காரின் பின்கண்ணாடிக்குக் கீழே கிடந்தால் புற ஊதாக்கதிர் பட்டு ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும், பெரும்பாலும் உள்ளே போத்தல்கள் இருக்கும் நாளில். வாங்குவதானால் அடிப்பகுதி அகலமாக, தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அடி இல்லாத பையில் மேலே சொன்ன எந்த வித்தையும் செல்லாது. ரோத்தான் கூடை, அதாவது பிரம்புக் கூடை, இன்னும் கிடைக்கிறது. அதற்கு நிகர் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன், மடித்துக் கைப்பைக்குள் வைக்க முடியாது என்பதைத் தவிர.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் முன்கொக்கியில் கனமான பையை மாட்டுங்கள், கைப்பிடியில் மாட்டாதீர்கள். திருப்பத்தில் பை ஆடினால் வண்டி அதன் பின்னால் போகும். 30 முட்டை அட்டையின் மேல் ஒரு காலி அட்டையைக் கவிழ்த்து ரஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டச் சொல்லுங்கள். சந்தையில் கேட்டால் கட்டித் தருகிறார்கள்.

பை மறந்துபோன நாளுக்குப் பேரங்காடியின் வாசலருகே குவித்திருக்கும் அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. ஈரம் படாத, அடி ஒட்டு பிரியாத பெட்டியாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காலி செய்து வெளியே அனுப்பிவிடுங்கள். அட்டையின் நெளிவுகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கக்கூடும். அதை ஸ்டோர் அறையில் பத்திரப்படுத்துகிறவர்கள் பிறகு மருந்துக்குச் செலவழிக்கிறார்கள்.

"எல்லாம் சரி அக்கா, கடைப் பை இல்லாவிட்டால் குப்பையை எதில் கட்டுவது?" என்று எங்கள் மாடியில் இருப்பவர்கள் என்னைக் கண்டால் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பை நின்ற பிறகு கறுப்புக் குப்பைப் பையைச் சுருள் சுருளாக வாங்கத் தொடங்கியவர்கள் அநேகர். என் வீட்டில் அரிசிப் பை, ரொட்டி உறை, மாவு உறை, சந்தையில் தவறி வாங்கிய பை என்று வருவதே போதுமானதாக இருக்கிறது. காய்கறித் தோலையும் சோற்றையும் தண்ணீர் வடித்துப் போட்டால் பை கிழியாது, நாறாது. மீன் செதிலையும் தலையையும் மட்டும் ஒரு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், குப்பை லோரி வரும் காலையில் எடுத்துப் போடலாம். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஐஸ்கிரீம் டப்பா. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ஆவலோடு திறந்து பார்த்துவிட்டு, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.